"கன்ஃபர்ம் ஆயிடுச்சு" என்றார்கள், ரூ.1,84,000 போச்சு

சேலத்தில் சரக்குக்குப் பணமாகக் கிரிப்டோ காயின் வாங்குகிறவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை. வெளியூர் வியாபாரி ஒருவர் சரக்குக்குக் காயினில் பணம் தருவதாகச் சொன்னார். பேர் பெரிதாக இல்லாத, மைனிங்கில் ஓடும் காயின். மைனிங் என்றால், பல கணினிகள் கணக்குப் போட்டுப் போட்டி போட்டு வரவு செலவைப் பதிவு செய்வது. அஞ்சு ரோடு பக்கம் ஆபீஸ் போட்டிருக்கும், காயினை வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்ச் வழியாக வரவு. மொத்தம் ரூ.1,84,000.

நான் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன், "உறுதியா வந்துடுச்சா தம்பி?" எக்ஸ்சேஞ்சில் இருந்த பையன் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "ஆறு கன்ஃபர்மேஷன் முடிஞ்சுது அண்ணா. பிளாக்செயின்ல ஏறினதை யாராலயும் அழிக்க முடியாது. தாராளமா குடுங்க." வரவு செலவைத் தொகுதி தொகுதியாக எழுதி, ஒன்றன் மேல் ஒன்றாகக் கோக்கும் கணக்கேடுதான் பிளாக்செயின்; ஒரு தொகுதி ஒரு பிளாக். நம் வரவு ஏறின பிளாக்கையும் அதன் மேல் ஏறினவற்றையும் எண்ணுவதுதான் கன்ஃபர்மேஷன். அந்தப் பையன் வார்த்தையை நம்பித்தான் கொலுசுப் பெட்டியைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் என் கணக்கில் பூஜ்யம்.

நடந்தது இதுதான். ஒரு நெட்வொர்க்கின் மைனிங் சக்தியில் பாதிக்கு மேல் ஒருவன் கையில் இருந்தால், அவன் தனியாக ரகசியமாக ஒரு செயினை வளர்க்கலாம். சரக்கு கைக்கு வந்ததும் அதை வெளியே விடுவான். அதிக மைனிங் வேலை சேர்ந்த செயினைத்தான் எல்லாக் கணினிகளும் ஏற்கும். பழைய பிளாக்குகள் தள்ளுபடி. எனக்கு வந்த காயின், புதுச் செயினில் அவனுக்கே திரும்பிப் போயிருக்கும். சின்ன காயினுக்கு அவன் மெஷின் கூட வாங்க வேண்டாம், மைனிங் சக்தி மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது.

இது புதுசும் இல்லை. 2018 மே மாதம் பிட்காயின் கோல்ட் என்ற காயினில் நடந்தது. எத்தீரியம் கிளாசிக் என்ற காயினில் 2019 ஜனவரியில் நடந்தது, 2020 ஆகஸ்டில் மட்டும் மூன்று முறை. அதற்கப்புறம் பெரிய எக்ஸ்சேஞ்சுகள் அந்தக் காயினுக்குக் காத்திருக்கும் கன்ஃபர்மேஷன்களைப் பல மடங்கு உயர்த்தின. ஆறு என்பது பிட்காயினுக்குச் சொல்லும் வழக்கக் கணக்கு. அதைத் தூக்கி இந்தச் சின்ன காயினுக்கு வைத்தது யார்? இவர்கள்தானே! கமிஷன் மட்டும் சரியாகப் பிடித்தார்கள்.

முதலில் "நெட்வொர்க் இஷ்யூ, சாயங்காலம் சரியாயிடும்" என்றார்கள். அப்புறம் டிக்கெட், அதாவது ஆன்லைனில் புகார், போடச் சொன்னார்கள். டிக்கெட்டுக்கு வந்த பதில்: "இது செயின் பிரச்சினை, காயினை உருவாக்கியவர்களிடம் கேளுங்கள்." நேரில் போனால் மேனேஜர் வெளியே போயிருக்கிறாராம். அந்தப் பையன் இப்போது போனே எடுப்பதில்லை. ரூ.1,84,000, கூலியும் வெள்ளியுமாக என் பட்டறைப் பணம்.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. சின்ன காயின் என்றால் ஸ்கிரீனில் ஆறைக் காட்டினாலும் சரக்கை விடாதீர்கள். இந்தக் காயினுக்கு எத்தனை கன்ஃபர்மேஷன், பிளாக் புரண்டால் நஷ்டம் யாருக்கு, இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். கொலுசுக்குக் காயினில் பணம் என்று யார் வந்தாலும், பேங்கில் ஏறினால்தான் பார்சல் என்று சொல்லிவிடுங்கள்.