ஒப்பாரிக்குள் நின்ற பெயர்: ஏழு வருடம் ஒரே எழுத்துச் செயலியில் நாவல் திருத்திய அனுபவம்

ஈப்போ நண்பர் போன வாரம் கேட்டார்: "சிறுகதைத் தொகுப்பு ஒன்னு திருத்தணும். நீங்க வச்சிருக்கிற செயலிக்கே நானும் சந்தா கட்டிடவா?" வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

விலையும் வசதிகளும் எல்லாருக்கும் தெரிந்தவைதான். எனக்கு இதில் ஒரே ஒரு மனக்குறை. அது பெயர் தேடுவது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நடக்கும் கதை என்னுடையது. நாயகன் பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவன். பெயர் கோவிந்தன். எங்கள் பழைய லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசையில், அதே பெயரில் ஒருவர் இருந்தார். அவர் இறந்த விதமும் கதையில் வருவதுபோலத்தான். கையெழுத்துப்படியைப் படித்த அவர் மகள், தீமிதி அன்று கோயிலில் என்னை ஓரமாக அழைத்தார். "பேர மட்டும் மாத்திடுங்கண்ணே. அம்மா படிச்சா தாங்கமாட்டாங்க." மாற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"கோவிந்தன்" என்று தேடினால் "கோவிந்தனை", "கோவிந்தனுக்கு" இரண்டும் சிக்காது. கணினிக்கு ன் வேறு, னை வேறு. "கோவிந்த" என்று அடியை மட்டும் கொடுக்கவேண்டும். முதலில் மாணிக்கம் என்று வைக்கப் பார்த்தேன். மாணிக்கத்தை, மாணிக்கத்துக்கு என்று ஒவ்வொரு வேற்றுமையையும் கையால் சீராக்க வேண்டியிருந்தது. பிறகுதான் புத்தி வந்து, அதே ஈறு உள்ள நடேசனை எடுத்தேன். "கோவிந்த" போய் "நடேச" வந்ததும் நடேசனை, நடேசனோடு, நடேசனிடம் எல்லாம் தானாகப் பொருந்தின. ஆனால் புரட்டாசி சனிக்கிழமை அத்தியாயத்தில் பெருமாள் கோயில் கூட்டம் "நடேசா! நடேசா!" என்று கோஷமிட்டது. "எல்லாவற்றையும் மாற்று" பொத்தானைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, முன்பின் வரியைப் படித்துவிட்டு மாற்றுங்கள்.

அப்படியும் செய்தேன். புத்தகம் அச்சாகி வந்த மூன்றாம் நாள் அந்த மகள் அழைத்தார். "அண்ணே, ஒரு எடத்துல அப்பா இருக்காருண்ணே."

நாயகனின் தாய் வைக்கும் ஒப்பாரியில் இருந்தார். கதையிலேயே அந்தப் பெயர் இருக்கவே கூடாத இடம் அது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

காரணம் பிறகு புரிந்தது. அந்த ஒப்பாரியை மட்டும் பழைய கோப்பு ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். பழைய எழுத்துருவில் இரட்டைக்கொம்பு, க, கால் என மூன்று தட்டில் "கோ" வரும். யூனிகோடுக்கு மாற்றிய நிரல் கொம்பை க-வுக்குப் பின்னால் நகர்த்தியதே தவிர, காலோடு சேர்த்து ஒரே குறியாக்கவில்லை. திரையில் இரண்டு "கோ"வும் அச்சு அசல் ஒன்றுதான். என் செயலியின் தேடலுக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு. "கொ", "கௌ" வரும் பெயர்களிலும் இதே ஆபத்து உண்டு. அதனால் அந்த எழுத்தை விட்டுவிட்டு மீதியைத் தேடுங்கள். "விந்த" என்று தேடியிருந்தால் அகப்பட்டிருக்கும். அரவிந்தனும் விந்தையும் கூடவே வரட்டும், பரவாயில்லை.

நியாயமாகச் சொன்னால், திருத்தங்களைத் தடம் பிடிக்கும் வசதியும் ஓரக்குறிப்பும் இல்லாமல் இந்த நாவல் உருப்பட்டிருக்காது. 1947இல் நடக்கும் காட்சியில் போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்பதாக எழுதியிருந்தேன். வாசித்துக்கொடுத்த தோழி ஓரத்தில் குறித்தார்: "அட்டையே 1948இல், அவசரகாலம் வந்த பிறகுதானே?" கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்தது அந்த அவசரகாலம். அதற்கு வழிவைத்த, தோட்டத் துரைமார்களின் ஜூன் 16 கொலைகள் எங்கள் ஊர்த் தோட்டங்களில் நடந்தவை. அதில் தவறியிருந்தால் ஊரில் எப்படித் தலைகாட்டுவேன்? மழை பெய்த காலையில் நாயகன் மரம் வெட்டப் போகிறான் என்பதையும் அவர்தான் பிடித்தார். பட்டை நனைந்திருந்தால் பால், மங்கு என்கிற கிண்ணத்துக்குள் இறங்காமல் மரத்தோடு வழிந்துவிடும். வெட்டுக்காரர் பேரன் நான், எனக்கே அது கண்ணில் படவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நண்பருக்கு என் பதில்: கட்டாதீர்கள். தொகுப்பைத் தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். பெயர் வரும் வரிகளை வாய்விட்டுப் படியுங்கள்.

என் சந்தாவை நேற்று புதுப்பித்துவிட்டேன். இரண்டாம் பதிப்புக்கு "விந்த" என்று தேடிக்கொண்டிருக்கிறேன், பதினான்காம் அத்தியாயம் வரை வந்தாயிற்று.