பெண்ணையா, காவிரியா? தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஆற்றோரம் சைக்கிள் ஓட்ட எந்தப் பாதை?

தர்மபுரிப் பக்கம் ஆற்றைப் பார்க்கச் சைக்கிளில் கிளம்புவதென்றால் எல்லார் வாயிலும் முதலில் வருவது ஒகேனக்கல்தான். அருவியைப் பற்றி இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் பென்னாகரத்திலிருந்து போகும் ரோட்டில் ஆற்றோரம் என்று ஒன்று கிடையாது. காட்டுக்குள் இறங்கிக்கொண்டே போய், கடைசியில்தான் காவிரியைப் பார்ப்பீர்கள். ஆறும் வயலும் பழைய கோயிலுமாகப் பள்ளத்தாக்கோடு சேர்ந்து ஓட்ட வேண்டுமானால் அதற்குத் தென்பெண்ணைதான். இரண்டையும், கூடவே மேட்டூர் நீர்த்தேக்கக் கரையிலுள்ள நாகமரைப் படகுத்துறையையும் வைத்துப் பார்ப்போம்.

தென்பெண்ணை: கே.ஆர்.பி. அணையிலிருந்து (கிருஷ்ணகிரி அணை) கீழே

கிருஷ்ணகிரியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன்பே அணையைத் தாண்டிவிடலாம். 1957-இல் காமராஜர் திறந்துவைத்த அணை இது. முழு நீர்மட்டம் 52 அடி. இடது, வலது வாய்க்கால்கள் இரண்டும் சேர்ந்து 9,012 ஏக்கருக்குப் பாய்கின்றன. இந்தப் பாதையின் அழகு அந்த வாய்க்கால் பாசனத்தில்தான் இருக்கிறது: ஒரு பக்கம் நெல், இன்னொரு பக்கம் தென்னை, சற்றுத் தள்ளி மாந்தோப்பு. பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும்.

வாய்க்கால் கரையிலேயே ஓட்டலாம் என்று பலர் ஆசைப்படுவார்கள். ஓட்டலாம்தான், ஆனால் 28 மி.மீ. டயரோடு வேண்டாம். கரையில் கிடப்பது உருளும் சரளைக்கல், ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். 38 முதல் 40 மி.மீ. டயரில் 45, 50 பி.எஸ்.ஐ. காற்று வைத்தால் கல்லின் மேல் துள்ளாமல் போகும். மெல்லிய டயர்தான் இருக்கிறதென்றால் ஊர் ரோட்டிலேயே போங்கள், இழப்பு பெரிதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44 குறுக்கு வழி போலத் தெரியும். லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ள வேண்டாம்.

காவேரிப்பட்டினத்தில் டீயும் நிப்பட்டும் முடித்துவிட்டு, அடுத்துள்ள பெண்ணேஸ்வரமடத்துக்கு அவசியம் போக வேண்டும். ஆற்றங்கரையில் சிவன் கோயில். சோழர், ஒய்சளர் காலக் கல்வெட்டுகளும் நடுகற்களும் இருக்கின்றன. தகடூர் நாட்டின், அதாவது பழைய தர்மபுரிப் பகுதியின், முகத்தை இறங்கி நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை. கல்வெட்டு எழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்லாகத்தான் இருக்கும். எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

அரை நாள்காரர்கள் இங்கேயே திரும்பலாம். முழு நாள் கைவசம் இருந்தால் இருமத்தூர், கம்பைநல்லூர் வழியாக அனுமன்தீர்த்தம், அங்கிருந்து தீர்த்தமலை. ராமன் பூசைக்குக் கேட்ட தண்ணீரை அனுமன் கொண்டுவரத் தாமதமானதால், ராமன் அம்பெய்து மலையிலேயே தீர்த்தம் வரவழைத்தானாம். அனுமன் வீசியெறிந்த தண்ணீர் விழுந்த இடமே அனுமன்தீர்த்தம் என்பது தலபுராணம். மலைக்கோயிலுக்குப் படியேறும் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரில் வாழைப்பழப் பையைத் தொங்கவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பழமும் இருக்காது, பையும் இருக்காது, குரங்குகள் அப்படி.

குறை இல்லாமலில்லை. பெங்களூருப் பக்கத்துக் கழிவு கலந்து வருவதால் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது தெரிந்த கதை. கீழே வரவர அது தணிந்தாலும், ஆற்றில் இறங்கி முகம் கழுவுவதை விட்டுவிடுங்கள். அடுத்தது வெள்ளம். கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறந்தால் அதன் முன்னுள்ள தரைப்பாலமே மூழ்கிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ள எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பக் கூடாது. தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் போகக் கூடாது. இழுப்பு சக்கரத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

காவிரி: பென்னாகரம், ஒகேனக்கல்

பென்னாகரத்திலிருந்து சுமார் 16 கி.மீ. போகும்போது இறக்கம் என்பதால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. திரும்பும்போது மொத்தக் கணக்கையும் மலை வட்டியோடு வசூலிக்கும். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். அதைவிடப் பெரிய கியர் மட்டும் உள்ள சைக்கிளில் வளைவுக்கு வளைவு இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே போவதுதான் பலரும் செய்யும் தப்பு. ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி, டியூப் வெடிக்கிற அளவுக்குப் போகும். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். முன், பின் பிரேக்கை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். டிஸ்க் பிரேக்காரர்களுக்கு வேறொரு ஆபத்து. ஒகேனக்கலில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அதே கையோடு சக்கரத்தைக் கழற்றினால் ரோட்டரில் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகட்டில்) எண்ணெய் ஏறும், பேட் ஊறும், பிரேக் கீச்சிடுமே தவிரப் பிடிக்காது. குளித்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகு தொடுங்கள்.

இது யானைக் காடு. கோடையில் தண்ணீருக்காகச் சின்னாற்றுக்கும் காவிரிக்கும் இறங்கும். காலை எட்டுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் இந்த ரோட்டில் சைக்கிள் வேண்டாம். ஓசையில்லாமல் வருவதுதான் சைக்கிளின் சிறப்பு. யானைக்குப் பக்கத்தில் அதுவே வினை. வளைவுகளில் மணியடியுங்கள். ஆடியில் கர்நாடக அணைகள் நிரம்பினால் பரிசலும் குளியலும் நின்றுவிடும். காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்று முந்தின இரவே செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகமரை

ஏரியூர் தாண்டி மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரை. படகில் சைக்கிளை ஏற்றி அக்கரை பண்ணவாடியில் இறங்கலாம். நீர்மட்டம் வெகுவாகக் குறைந்த காலத்தில், 1934-இல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய கோயிலின் நந்தி வெளியே தெரியும். ஆனால் அப்போது படகுத்துறையும் தள்ளிப் போய்விடும். காயாத வண்டல் சேறு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்தும். காற்று பலமாக இருந்தால் படகு போகாது. ஒருமுறை போய்வர நல்ல இடம், அவ்வளவுதான்.

மூன்றுக்கும் பொதுவாக

முதல்முறை வருபவருக்குத் தென்பெண்ணை, தை மாதத்தில். மலையேறிக் காலைச் சோதிக்க நினைப்பவருக்கு ஒகேனக்கல். ஆடிக்காற்றில் பெண்ணைப் பாதையைத் தொட்டால், ஆற்றோடு தென்கிழக்கே போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்புவதுதான் பாடு. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. தீர்த்தமலை வரை போனவர்கள் மொரப்பூரில் ரயிலேறலாம், ஆனால் வண்டி நிற்கும் நேரம் குறைவு. சைக்கிளை லக்கேஜாக முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும்.

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் தண்ணீர், இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டு. மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று கட்டாயம். அது இல்லாமல் டூவீலர் பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்க முடியாது.

தை, மாசியில் இன்னொன்று. அறுத்த கொள்ளுக் கொடியை வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள். அதன் மேல் பெடலை மிதித்துக்கொண்டு போனால் கொடி பின்சக்கரத்தில் சுற்றி, கியர் மாற்றும் டிரெய்லியரில் நுழையும். இன்னும் இரண்டு மிதி மிதித்தால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிடும். கார் டயர் பதிந்த தடத்தில், மிதிக்காமல் உருட்டிக் கடந்துவிடுங்கள். சிக்கிவிட்டால் முன்னால் மிதிக்கவே கூடாது. இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே கொடியை இழுத்தால் முழுசாக வந்துவிடும். உருவி எடுத்ததை ஓரத்தில் வீசாமல் களத்திலேயே போட்டுவிட்டுப் போங்கள். அது ஒருவருடைய விளைச்சல்.