ஜன்னலை எடுத்து வைத்த பின்கதவு: தொல்லையெல்லாம் படியில்தான்

மதுரையில் திருப்பாலைப் பக்கம் குடியிருக்கும் நண்பர், அடுப்படி ஜன்னலை எடுத்துவிட்டுக் கொல்லைக்குக் கதவு வைக்கலாமா என்று கேட்கிறார். அப்படி ஜன்னலை எடுத்து நாங்கள் வைத்த பின்கதவின் அடிப்பக்கம் ஊறிப்போய், ஆசாரி இப்போதுதான் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால் பதில் கொஞ்சம் சூடாகவே வரும்.

சுவர் வேலைக்குப் பயப்பட வேண்டாம். நம் ஊர் வீடுகளில் ஜன்னலுக்கும் கதவுக்கும் பெரும்பாலும் லிண்டல் (திறப்புக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்திரம்) ஒரே மட்டம், தரையிலிருந்து 7 அடி. ஜன்னல் அகலத்துக்குள் நிலை அடங்கினால் லிண்டலைத் தொடவே தேவையில்லை. கீழே உள்ள 3 அடிச் சுவர் மேல்பாரம் எதையும் தாங்கவில்லை. அகலத்தை மட்டும் கூட்டாதீர்கள். லிண்டல் இருபுறமும் சுவரில் உட்கார்ந்திருப்பதே 6 அங்குலம்தான். 4 அடி ஜன்னலில் மூன்றரை அடி நிலையை வைத்து, மீதியைப் பழைய சுவரில் பல் விட்டு, அதாவது செங்கல்லைக் கோத்துக் கட்டி அடைக்கலாம். பூசும்போது அந்த இணைப்பில் கோழிவலை அடிக்காவிட்டால் விரிசல் விடும்.

ஜன்னலுக்கு அடியில் ஒயர் பைப் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டு, உள்ளேயும் வெளியேயும் கட்டிங் மிஷினால் கீறிய பிறகே சுத்தியல். இல்லாவிட்டால் பூச்சு பாளமாகப் பெயரும். அடியில் தரைமட்டத்தில் ஓடும் பெல்ட் கான்கிரீட்டைக் கொத்தக் கூடாது.

நிலைக்குக் கீழ்க்கட்டை வேண்டாம், கரையானுக்குத்தான் தீனி. நிலையின் கால்கள் கிரானைட் வாசற்படிமேல் நிற்கட்டும். இரண்டு காலையும் இணைத்து அடியில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, மூலைக்கு மூலை அளவு பார்த்து, நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புக் கிளாம்பு பக்கத்துக்கு 3 வைத்துக் கான்கிரீட் போட வேண்டும். ரீப்பரை அவசரப்பட்டுப் பிடுங்கினால் கால்கள் உள்ளே வளைந்து கதவு பிடிக்கும்.

இதுவரை குறையில்லை. என் கோபமெல்லாம் படியில்தான். ஜன்னல் சன்ஷேடு ஒன்றரை அடிதான் நீட்டும். எங்கள் வடக்குச் சுவரில் ஐப்பசி, கார்த்திகைச் சாரல் முன்பு அடிச்சுவரில் பட்டு வெளியே வழிந்தது. இப்போது கதவில் இறங்கி நேரே படிக்கு வருகிறது. கதவு உள்ளே திறப்பதால், படியில் தண்ணீரைத் தடுக்கும் மேடு கதவுக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. கதவில் வழியும் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே விழுந்து வீட்டுக்குள் போகிறது. மேட்டை உயர்த்தினால் இது நிற்காது. எத்தனை தரம் சொன்னாலும் கொத்தனார் இன்னொரு கால் அங்குலம் ஏற்றித்தான் தருவார்! தரைக்குத் தோதாகக் கடைசியில் இழைத்த அடிவிளிம்பு பெயின்ட் இல்லாமல் கிடந்து அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. கதவைக் கழற்றிப் படுக்கவைத்து, அந்த விளிம்புக்குப் பிரைமரும் இரண்டு கோட் பெயின்டும் அடிக்காமல் மாட்ட விடாதீர்கள்.

உருப்படியான மருந்து, கதவின் வெளிமுகத்தில் அடியோரம் பதிக்கும் தேக்குக் கட்டை. மேல்பக்கம் சரிவாக இழைத்து, படிமேட்டைத் தாண்டி நீட்ட வேண்டும். கட்டைக்கு அடியில் நீளவாக்கில் கால் அங்குலக் காடி (பள்ளம்) அவசியம். அது இல்லாவிட்டால் தண்ணீர் கட்டையை ஒட்டியே திரும்பி வரும். பூட்டுப் பக்க முனையைச் சாய்த்து வெட்டாவிட்டால் திறக்கும்போது நிலையில் இடிக்கும். வெளியே திறக்கும் கதவென்றால் மேடு உள்பக்கம் வந்துவிடும், பாதித் தொல்லை இல்லை. ஆனால் கீல் வெளியே தெரியும். ஆணியைக் கழற்ற முடியாத கீலாக வாங்க வேண்டும், காற்றில் அடிக்காமல் கொக்கியும் வேண்டும்.

காற்றோட்டம் அருமை. வாசல் கதவையும் சேர்த்துத் திறந்தால் சித்திரையிலும் அடுப்படியில் நிற்க முடிகிறது. துணி காயப்போட வீட்டைச் சுற்ற வேண்டியதில்லை. இருந்தும், வடக்கு அல்லது கிழக்குச் சுவர் என்றால் ஜன்னலை ஜன்னலாகவே விடுங்கள் என்றுதான் இன்று சொல்வேன். செய்தே தீருவேன் என்றால், கதவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் சன்ஷேடுக்கு மேல் 3 அடிக்கு ஷீட் இறக்கிவிடுங்கள்.