1969 கமாரோவின் பிளாஸ்டிக் கிரில்: பழையதைத் தேற்றுவதா, புதியதை வாங்குவதா?

ஷெவ்ரலேயின் 1969 கமாரோ காரை எதிரே நின்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, இரு முகப்பு விளக்குகளுக்கு நடுவே உள்வாங்கி நிற்கும் கட்டம் கட்டமான கிரில்தான். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட அது, சாதாரண மாடல்களில் பொதுவாக வெள்ளி நிறத்திலும் எஸ்எஸ் மாடலில் கருப்பிலும் வந்தது. விளக்குகளை மூடித் திறக்கும் கதவுகளோடு வந்த ஆர்எஸ் மாடலின் கிரில் வேறு வார்ப்பு என்பதால் அதை இங்கே தொடவில்லை.

அரை நூற்றாண்டு வெயில் ஏபிஎஸ்ஸை என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்ற முடிவுகள் எளிதாகும். அதன் உறுதிக்குக் காரணமான பியூட்டடயீன் என்னும் ரப்பர் பகுதியைப் புற ஊதாக் கதிர்கள் மேலிருந்து அரிக்கின்றன. அதனால் பெயின்ட் உதிர்ந்த இடங்களில் பிளாஸ்டிக் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளிறி, தட்டினால் கண்ணாடி போல் உடைகிறது. அந்தக் கெட்ட தோல் மெல்லியதாக இருந்து, உள்ளே கட்டை கெட்டியாக இருந்தால் கிரில்லைத் தேற்றலாம். விரலால் அழுத்தும்போதே குறுக்குக் கம்பிகள் நொறுங்கினால் புதியது வாங்குவதே புத்திசாலித்தனம்.

1969 கமாரோவுக்கு மறுவார்ப்புக் கிரில்கள், அதாவது பழைய வடிவத்திலேயே புதிதாக வார்த்தவை, தாராளமாகக் கிடைக்கின்றன. அதே காலத்து வேறு பல கார்களை வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஆயினும் எனக்கு வந்த ஒரு மறுவார்ப்பில் திருகுத் துளைகள் இரண்டு சற்றே விலகியிருந்தன; ஓரத்தில் வார்ப்பு அச்சின் கோடும் துருத்திக்கொண்டிருந்தது. துளையை அரத்தால் அகலப்படுத்தி, கோட்டைச் சீவி எடுத்து, பிறகு பெயின்டும் அடிக்க வேண்டியிருந்தது. கருப்புப் பிளாஸ்டிக்தானே என்று அப்படியே மாட்டுபவர்கள் சில கோடைகளில் அதே வெளிறலைப் பார்ப்பார்கள். ஆகவே புதியது வாங்கினால் பெயின்ட் வேலை மிச்சமாகும் என்ற கணக்கு பிழையானது; மிச்சமாவது ஒட்டுவேலை மட்டுமே. கம்பிகள் எல்லாம் இருந்து, மாட்டும் காதுகளில் ஒன்றிரண்டு மட்டும் உடைந்திருந்தால் நான் பழையதன் பக்கமே நிற்பேன். தொழிற்சாலையில் அந்த உடம்போடு பொருந்திய பாகத்தின் இடைவெளிக் கோடுகளை எந்த மறுவார்ப்பிலும் அவ்வளவு நேர்த்தியாக நான் பார்த்ததில்லை.

ஒட்டுவதில் மூன்று வழிகள் உண்டு. சூப்பர் குளூ உடனே பிடிக்கும், ஆனால் கண்ணாடி போல் விறைப்பாக உலர்வதால் வண்டியின் அதிர்வில் காதுகள் மறுபடி உடையும்; அதைத் தற்காலிகப் பிடிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரு பகுதிகளைக் கலந்து பூசும் எபாக்ஸி பசை இடைவெளியை நிரப்பும், பின்புறம் கண்ணாடியிழைத் துணி வைத்தால் வலுவும் கூடும். மூன்றாவது, ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து பூசுவது. ஒளி ஊடுருவாத லெகோ கட்டைகளும் ஏபிஎஸ்தான் என்பதால் குழந்தைகளின் பெட்டியில் கை வைப்பவர்கள் உண்டு. இந்தக் கூழ் வெறுமனே ஒட்டுவதோடு நிற்காமல் இரு பக்கத்தையும் கரைத்து ஒரே துண்டாக்குகிறது. ஆனால் ஆவியாகும்போது சுருங்கும், முழுதாக இறுகச் சில நாட்கள் பிடிக்கும், அவசரப்பட்டுத் தேய்த்தால் குழியாகும். முகப்பில் தெரியும் விரிசலுக்குக் கூழையும், பின்னால் பாரம் தாங்கும் காதுக்கு எபாக்ஸியையும் பயன்படுத்துவது என் வழக்கம்.

பழைய பெயின்டை எடுப்பதில்தான் நான் ஒரு கிரில்லையே இழந்தேன். லாக்கர் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தபோது பெயின்ட் அழகாக வந்தது. திருப்பிப் பிடித்தபோது என் கட்டைவிரலின் ரேகை ஒரு கம்பியில் பதிந்து அப்படியே உலர்ந்துவிட்டது. தின்னர், அசிட்டோன், உலோகத்துக்கான பெயின்ட் ரிமூவர் ஆகிய மூன்றும் ஏபிஎஸ்ஸையும் சேர்த்தே கரைக்கும். மணல் பீய்ச்சினால் மேற்பரப்பு குழிபடும். சமையல் சோடாவைக் குறைந்த அழுத்தத்தில் பீய்ச்சுவது மென்மையான முறை, ஆனால் கருவி வேண்டும். வீட்டில் செய்பவருக்குச் சோப்பு நீர், சாம்பல் நிறத் தேய்ப்பு நார், கட்டங்களின் மூலைக்கு மடித்த 400 எண் உப்புத்தாள், கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துடைப்பு ஆகியவை போதும். சலிப்பூட்டும் வேலைதான், எனினும் வெளிறிய தோல் முழுவதும் போகும் ஒரே உறுதியான வழி இது.

பெயின்டில் போட்டி ஸ்ப்ரே டப்பாவுக்கும் ஹார்டனர் என்னும் இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-கே யூரித்தேனுக்கும் இடையே. சாதாரண டப்பா பெயின்ட் ஆவியாகியே உலர்கிறது. எனவே பின்னாளில் பெட்ரோலோ தின்னரோ பட்டால் மறுபடி இளகும். அதற்கு ஈடாக, கல் தெறித்த புள்ளியை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். மெல்லிய பூச்சு என்பதால் கம்பிகளின் ஓரங்களும் கூர்மையாகவே நிற்கும். டூ-கே வேதிவினையால் இறுகுவதால் வெயிலையும் ரசாயனத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. அடிப்பொத்தானை அழுத்தி ஹார்டனரைக் கலக்கும் டூ-கே டப்பாவுக்கும் இது பொருந்தும். உரிய சுவாசக் கவசமும் காற்றோட்டமும் இல்லாதவர் இந்தப் பக்கமே வரக்கூடாது. வாரம் ஒருமுறை வெளியே எடுக்கும் வண்டிக்கு டப்பா போதும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு டூ-கேதான். பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்கைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: அது சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் சுடப்படுகிறது, ஏபிஎஸ்ஸோ 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும்.

எதைத் தேர்ந்தாலும் அடிக்கும் முறை ஒன்றே. நேராக நின்று அடித்தால் காற்று கட்டத்துக்குள் மோதித் திரும்பும். முகப்பில் பெயின்ட் வழியும், உள்சுவர் பொரபொரப்பாகக் காய்ந்து நிற்கும். கிரில்லைக் கம்பியில் தொங்கவிட்டு, மேல், கீழ், இடம், வலம் என நான்கு சாய்வுகளிலிருந்து உள்சுவர்களை முதலில் முடித்து, முகப்பை இறுதியில் ஒரே மெல்லிய வீச்சில் மூட வேண்டும்.

கருப்பு நிறத்தில் பலர் தவறுவது பளபளப்பின் அளவில்தான். முழு மேட் பூசினால் கிரில் கரி பிடித்ததுபோல் தெரியும். முழுப் பளபளப்பு பொம்மைக் காரை நினைவூட்டும். கழற்றும்போதே விளக்கு வளையத்தின் அடியில் ஒளிந்திருந்த பகுதியைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தில் தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை மட்டும் தேய்க்காமல் மறைத்து வைத்து, ஒரு தகட்டில் செமி-கிளாஸ் என்னும் அரைப் பளபளப்புப் பெயின்டை அடித்துக் காயவிட்டு, இரண்டையும் நிழலில் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்ட பிறகே நான் கிரில்லின்மேல் முதல் பூச்சைத் தொடங்குகிறேன்.