சிட்டி விடெக்கின் டிஸ்ட்ரிபியூட்டர்: புதுசா, டூப்ளிகேட்டா, பழையதையே பிரிப்பதா?

ஹோண்டா சிட்டி 1.5 விடெக் நம் ஊரில் 2000-இல் வந்தது, 2003-இல் புது உடம்பு சிட்டி வந்ததும் போய்விட்டது. 106 குதிரைத்திறன், கனமில்லாத உடம்பு. அதனால்தான் இன்றைக்கும் இதைத் தேடி வாங்கி வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. வயதான விடெக்கில் அடிக்கடி படுத்துவது டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்ட் பிரித்து அனுப்பும் பாகம். என் வண்டியில் அது போனபோது நான்கு வழிகள் இருந்தன: ஒரிஜினல் புதுசு, டூப்ளிகேட் புதுசு, உடைத்த வண்டியிலிருந்து கழற்றியது, இருப்பதையே பிரித்து வேலை பார்ப்பது. நான் கடைசி வழியில் போனேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

காசு எடுக்கும் முன் ஒரு சோதனை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சூடானதும் ஆஃப் ஆகி, ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டர்மேல் (காயிலுக்குப் போகும் கரண்டைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) சந்தேகப்படலாம். கியரில் உருளும்போதே ஆர்.பி.எம். முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும், ஏனென்றால் அந்த முள்ளுக்கான சிக்னலே இக்னைட்டரிலிருந்துதான் போகிறது. பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேயில் ஈயப் பற்று விரிசல் விட்டாலும் கிட்டத்தட்ட இதே கூத்துதான். ஆனால் அப்போது பிளக்கில் கரண்ட் வரும். சாவி போட்டதும் பின்பக்கம் கேட்கும் பெட்ரோல் பம்ப் சத்தம் மட்டும் இருக்காது. ரிலேக்கு ஆகும் செலவு குறைவு, முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஒரிஜினல் புதுசு பற்றிப் பேச அதிகமில்லை. கிடைத்து, கையில் பணமும் இருந்தால் வாங்கிப் போடலாம். விலையைக் கேட்டதும் வண்டியின் இன்றைய மதிப்பு என்ன என்று மனசு கணக்குப் போடும், அவ்வளவுதான்.

புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும் பழைய பீஸ் விலையில் ஜெயிக்கும். சிக்கல் என்னவென்றால், அதற்கும் உங்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஒரே வயது. வாங்கும்போது மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே செந்தூள் படிந்திருந்தால் பேரிங் தேய்கிறது. எண்ணெய் இருந்தால் சீல் போய்விட்டது. ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. இவை மூன்றும் சரியாக இருந்தாலும், சூட்டில் மட்டும் வரும் இக்னைட்டர் கோளாறைக் கடை வாசலில் கண்டுபிடிக்க வழியே இல்லை.

டூப்ளிகேட்தான் ஆசை காட்டும். மூடி, ரோட்டார் (மூடிக்குள் சுற்றிக் கரண்டைப் பிரிக்கும் கை), காயில் (கரண்டின் அழுத்தத்தை ஏற்றுவது), இக்னைட்டர் எல்லாம் சேர்ந்த முழு செட் பெட்டியில் வரும். மூன்று போல்ட், மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் போட்டிருக்கிறார், வண்டி நன்றாகவே ஓடுகிறது. அதை நான் நாள்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில்லை, எனவே உழைக்குமா என்பதில் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அதை ஒதுக்கியதற்குக் காரணம் வேறு.

இந்த வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுப்பதோடு நிற்பதில்லை. கிராங்க் எங்கே நிற்கிறது, முதல் சிலிண்டர் எது என்று ஈ.சி.யூ.வுக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்கள் மூன்றும் அதற்குள்தான் இருக்கின்றன. ஷாஃப்டில் இருக்கும் பல் சக்கரம் சென்சாரைத் தொடாமல், மிகச் சிறிய இடைவெளியில் சுற்ற வேண்டும். இன்ஜின் 6000 சுற்றும்போது இந்த ஷாஃப்ட் 3000 சுற்றும். பேரிங் தளர்ந்தால் அந்த இடைவெளி கூடிக் குறையும், டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) தடுமாறும், இன்ஜின் விளக்கு 4, 8, 9 என்று ஏதாவது ஒரு கோளாறு எண்ணை மின்னிக் காட்டும். (15 வந்தால் இக்னைட்டர் பக்கம் போங்கள்.) ஆக, வாங்கும் பொருளில் பார்க்க வேண்டியது பேரிங்கும் சென்சாரும். டூப்ளிகேட் பெட்டியைத் திறந்தால் பளபளக்கும் மூடிதான் கண்ணில் படும், இந்த இரண்டின் தரம் வெளியே தெரியாது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் மாட்டிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். கிராங்க் பக்கம் தனியாகச் சென்சார் அமைக்காதவரை, அப்போதும் இந்த டிஸ்ட்ரிபியூட்டர் அங்கேயே இருந்தாக வேண்டும். பேரிங் பிரச்சினை போகாது, செலவுதான் கூடும்.

அடுத்தது பராமரிப்பு. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். ஒரிஜினல் பாடியைத் தயாரித்தவர்கள் இரண்டு பேர், டி.இ.சி. என்கிற டோயோ டென்சோவும் ஹிட்டாச்சியும். ஒன்றின் மூடி, ரோட்டார், இக்னைட்டர் மற்றதற்குச் சேராது. ஆனால் எது உங்களுடையது என்று தெரிந்தால், தேய்கிற சாமான் ஒவ்வொன்றையும் தனியாக வாங்கலாம். இரண்டு வருஷம் கழித்து மூடியில் கீறல் விழுந்தால் மூடி மட்டும், இக்னைட்டர் போனால் இக்னைட்டர் மட்டும். டூப்ளிகேட்டில் மூடி இந்த இரண்டில் ஒன்றோடு பொருந்தும் என்ற உத்தரவாதம் கிடையாது. பொருந்தாவிட்டால் ஒரு சின்னப் பிளாஸ்டிக்குக்காக முழு செட்டையும் மறுபடி வாங்க வேண்டும், அதுவும் அதே பிராண்ட் அன்றைக்குக் கடையில் இருந்தால்.

பிரித்து வேலை பார்ப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சென்சார்கள் உயிரோடு இருக்க வேண்டும். அவற்றைத் தனியாக விற்பதில்லை, பாடியோடுதான் வரும். மீட்டர் வைத்துப் பாருங்கள். ஹோண்டாவின் இந்த டி-சீரிஸ் இன்ஜின் குடும்பத்துக்கு 350 முதல் 700 ஓம் வரை சரி. ஒன்று செத்திருந்தாலும் இந்த வழியை மறந்துவிட்டு நல்ல பழைய பாடி தேடுவதே மேல்.

வேலை கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். ரோட்டாரைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தலை மழுங்குவதற்குப் பேர்போனது. சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள். கேம்ஷாஃப்டோடு கோக்கும் கப்ளிங்கின் காதுகள் நடுவிலிருந்து விலகி இருக்கும், அதனால் டிஸ்ட்ரிபியூட்டரை ஹெட்டில் தலைகீழாக மாட்ட முடியாது. ஆனால் பின்னைத் தட்டி ஷாஃப்டை உருவினால், திரும்ப மாட்டும்போது கப்ளிங்கையே அரைச்சுற்று மாற்றிப் பூட்டிவிட வாய்ப்புண்டு. பிறகு நாள் முழுக்க ஸ்டார்ட்டர் அடித்தாலும் வண்டி எடுக்காது. கழற்றும் முன் அடையாளம் போட்டு, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங்கை லேத் பட்டறையில் பிரஸ் போட்டுக் கழற்றி, அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து நல்ல கம்பெனியின் சீல்டு பேரிங் வாங்கலாம். எண்ணெய்க் கசிவு இருந்தால் பின்னால் இருக்கும் சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். இக்னைட்டருக்கு அடியில் சூடு கடத்தும் பேஸ்ட் பூசாமல் மாட்டினால் புதுசும் சீக்கிரம் போகும்.

எது போட்டாலும் டைமிங் லைட் வைத்துத்தான் முடிக்க வேண்டும். இன்ஜின் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகு, சர்வீஸ் கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து (ஜம்பர் போட்டு) விட்டு லைட்டைப் பிடியுங்கள். ஜம்பர் போடாவிட்டால் ஈ.சி.யூ. தானே டைமிங்கை மாற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் பார்க்கும் குறி பொய் சொல்லும். காதால் கேட்டு வைத்துத் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால், லைட் இருக்கும் வேறு பட்டறைக்கு வண்டியை விடுங்கள்.