டெலிவரி எக்கவுண்ட் வாடகைக்கு என்று வருகிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்

பிரித்தானியாவில் அசைலம் (புகலிடம்) கேஸ் போட்டுவிட்டுக் காத்திருக்கிற தம்பி தங்கைமாருக்கு இந்தப் பதிவு. அவர்களுக்கு உதவுவதாக நினைத்துத் தங்கள் பெயரைக் கொடுக்கிற விசா உள்ளவர்களும் வாசிக்க வேண்டும்.

வட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும் ஒரே மாதிரியான விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது. "டெலிவரி எக்கவுண்ட் வாடகைக்கு உண்டு, விசா தேவையில்லை, இன்றைக்கே ஓடலாம்." கீழே ஒரு நம்பர். டெலிவரி எக்கவுண்ட் என்றால் ஊபர் ஈட்ஸ் மாதிரி சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற அப்பில் ஒருவர் தன் பெயரில் திறந்த கணக்கு. சிலர் சைக்கிளும் சேர்த்துத் தருவார்கள். இதை நம்பிக் காசை இழந்தவர்கள் பலர். இழக்கிற விதம் மட்டும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஏன் போகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. தானே சமைத்துச் சாப்பிடுகிற இடத்தில் இருப்பவருக்கு, அரசாங்க உதவிப் பணம் போடுகிற அஸ்பென் கார்டில் வாரம் 49.18 பவுண்ஸ் வருகிறது. சாப்பாடு தருகிற ஹோட்டலில் இருந்தால் பத்துப் பவுண்ஸும் முழுதாக வராது. ஊரில் கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அந்த அவதியைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் விளம்பரம் போடுகிறார்கள்.

எக்கவுண்ட்காரர் முதலில் டெபாசிட் கேட்பார். கூடவே முதல் வார வாடகையும் முன்பணமாகக் கேட்பார். எக்கவுண்ட் அவருடைய பெயரில், அவருடைய முகத்தோடு, அவருடைய பாங்க் நம்பரோடு இருக்கிறது. மழையில் ஓடி உழைப்பது நீங்கள். நிறுவனம் காசு போடுவது அவருக்கு. அவர் தன் வாடகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தர வேண்டும். தராவிட்டால் உங்கள் கையில் பற்றுச்சீட்டும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான். எக்கவுண்ட் வாடகை வாரம் 70 பவுண்ஸ், சைக்கிள் வாடகை 60 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓடருக்கு 4 பவுண்ஸ் கிடைத்தால் முதல் 32 ஓடரும் அந்த இரண்டு பேருக்கே போய்விடும். 33ஆவது ஓடரில் உங்களுக்கு மிஞ்சுவது 2 பவுண்ஸ். கடை வாசலில் சாப்பாட்டுக்காகக் காத்து நிற்கிற நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. பங்சர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் உங்கள் செலவு. சாப்பாடு வரவில்லை என்று வாடிக்கையாளர் முறைப்பாடு செய்தால் அதையும் உங்கள் காசில் கழிப்பார்.

இதைவிட மோசமானது எக்கவுண்ட் பூட்டப்படுகிற நாள். அப் திடீரென்று செல்ஃபி கேட்கும். பதிவில் இருக்கிற முகம் வந்தால்தான் திறக்கும். எக்கவுண்ட்காரர் வேலையில் இருப்பார், தூங்குவார், அல்லது போனை எடுக்க மாட்டார். நேரம் தவறினால் எக்கவுண்ட் நிற்கும். அந்த வாரம் நீங்கள் உழைத்த காசு உள்ளே கிடக்கும். "கொம்பனி காசைப் பிடித்துவிட்டது" என்று அவர் சொல்வார். உண்மையில் பிடித்ததா, அவர் எடுத்துவிட்டாரா என்று பார்க்க உங்களுக்கு வழியே இல்லை. சம்பள நாளுக்கு முதல் நாள் இரவு பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அடுத்த கிழமை அதே எக்கவுண்டை இன்னொருவருக்குக் கொடுப்பவர்களும் உண்டு. ஒரே எக்கவுண்டைப் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு பேருக்குக் கொடுத்து, யாருடைய ஓடர் எத்தனை என்ற சண்டையில் இருவரையும் ஏமாற்றுவதும் நடக்கிறது.

2025 யூன் முடிவில் ஊபர் ஈட்ஸ், டெலிவரூ, ஜஸ்ட் ஈட் மூன்றும் இந்த முகச் சோதனையை இறுக்குவதாக அரசாங்கத்துக்கு வாக்குக் கொடுத்தன. யூலையில், அசைலம் கேட்டவர்களைத் தங்கவைக்கிற ஹோட்டல்கள் இருக்கிற இடங்களை ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) அந்த நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. ஆகவே "எங்கள் எக்கவுண்ட் பூட்டுப்படாது, உத்தரவாதம்" என்று யார் சொன்னாலும் பொய். இனிமேல் பூட்டுப்படுவது கூடும், அதற்குள் அகப்படுகிற உங்கள் காசும் கூடும்.

"பதிலாள் போடுவது சட்டப்படி சரிதானே" என்பது அவர்கள் சொல்கிற அடுத்த கதை. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் படித்தவர்கள்கூட மாட்டுகிறார்கள். டெலிவரி ஓட்டுபவர் தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாம். டெலிவரூ வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலும் இந்தப் பதிலாள் உரிமை முக்கிய காரணமாக இருந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு தொழிற்சங்க உரிமை பற்றியது. விசா இல்லாதவர் ஓடலாம் என்று அதில் எங்கும் இல்லை. பதிலாளுக்கும் வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். உங்கள் ஏஆர்சி கார்டையும் (அசைலம் கேட்டவர் என்பதற்கான அடையாள அட்டை) இமிகிரேசன் பெயில் கடிதத்தையும் எடுத்து வடிவாக வாசியுங்கள். வேலை செய்யத் தடை என்று எழுதியிருந்தால் கைக்காசுக்கு ஓடினாலும் தடைதான். 1971 குடிவரவுச் சட்டத்தின் 24பி பிரிவின்படி சட்டவிரோதமாக வேலை செய்வது குற்றம். சிறையும் அபராதமும் வரலாம். உழைத்த காசைக் குற்றத்தால் வந்த வருமானம் என்று பறிக்கவும் முடியும். பெயில் நிபந்தனையை மீறினால் தடுத்து வைக்கலாம். சொல்லாத வருமானம் தெரியவந்தால் இருப்பிடமும் உதவிப் பணமும் நிற்கலாம். 2025 நவம்பரில் நாடு முழுதும் நடந்த ஒரு நடவடிக்கையில் மட்டும் 171 டெலிவரிக்காரர்கள் கைதானார்கள். ரெஸ்டோரண்ட் வாசலில் கூட்டமாக நிற்கிற இடத்துக்கே அதிகாரிகள் வருகிறார்கள்.

கேஸ் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இழுபட்டு, அந்தத் தாமதம் உங்கள் தவறால் வரவில்லை என்றால் வேலை அனுமதி கேட்டு ஹோம் ஒபிஸுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. "வேர்க் பெர்மிட் எடுத்துத் தருகிறேன்" என்று காசு வாங்குபவர் இலவசமானதை விற்கிறார். அனுமதி கிடைத்தாலும் ஹோம் ஒபிஸின் பட்டியலில் உள்ள வேலைகளுக்குத்தான் அது செல்லும். பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கிற அன்று உள்ளதைப் பாருங்கள். அதைவிட முக்கியமான விஷயம், அந்த அனுமதியில் சுயதொழிலுக்கு இடமில்லை. டெலிவரி அப்புகளில் ஓடுவது சுயதொழில். வேலை அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இனி எனக்குச் சட்டப்படி சரி" என்று நம்பி ஓடினாலும் பிடிபட்டால் குற்றம்தான். பலர் விழுகிற இடம் இது.

பதிவு பெற்ற தர்ம நிறுவனங்களில் சம்பளம் இல்லாமல் தொண்டு செய்வதற்குத் தடை இல்லை. பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் தரலாம். கடன் இதனால் தீராது. ஆனால் பின்னால் விசா கிடைத்ததும் வேலை தேடும்போது அந்த இடத்தில் இருந்து ஒரு சிபாரிசுக் கடிதம் கிடைக்கும்.

எக்கவுண்ட் வாடகையைவிடப் பயங்கரமான ஒன்று இருக்கிறது. "உன் முகத்தோடேயே எக்கவுண்ட் திறந்து தருகிறேன், செல்ஃபி பிரச்சினையே வராது" என்று சொல்லி, உங்கள் படத்தை ஒட்டிய போலி ஐரோப்பிய அடையாள அட்டை செய்து தருவார்கள். அதை ஒருநாளும் தொடாதீர்கள். 2010 அடையாள ஆவணச் சட்டத்தின்படி போலி அட்டையைப் பாவிக்கும் நோக்கத்தோடு வைத்திருப்பதற்கே பத்து வருடம் வரை சிறைத்தண்டனை இருக்கிறது. பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறை கிடைத்தால் நாடுகடத்தல் கேள்வி தனியாக எழும். உங்கள் அசைலம் கேஸுக்கு நீங்களே வெட்டுகிற குழி அது.

சைக்கிள் விஷயம். சட்டப்படி மின் சைக்கிள் என்றால் மோட்டர் 250 வாட்ஸுக்கு மேல் போகக்கூடாது, மணிக்கு 15.5 மைலில் மோட்டர் உதவி நிற்க வேண்டும், பெடல் வேலை செய்ய வேண்டும். வாடகைக்கு வருபவை பெரும்பாலும் சாதாரண சைக்கிளில் மோட்டர் கிட் பூட்டியவை. மேலே 250 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ளே 1000 வாட்ஸ் மோட்டர் இருக்கும். பெடல் மிதிக்காமல் கைப்பிடியைத் திருகியதும் வேகமாகப் பாய்கிறதா, அது சட்டத்தின் கண்ணில் மோட்டர் வாகனம். லைசன்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால் பொலிஸ் அந்த இடத்திலேயே பறித்துக்கொண்டு போகும். வாகனம் தன்னுடையது என்பதற்கு அத்தாட்சியும் லைசன்ஸும் இன்சூரன்ஸும் காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். சைக்கிள்காரர் பொலிஸ் பக்கம் போகமாட்டார். முழு விலையையும் உங்களிடம் கேட்பார். வாரம் வாரம் கட்டி முடித்தால் சைக்கிள் உனக்கு என்று சொல்லிக் கொடுத்தவர், கட்டி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது வந்து எடுத்துக்கொண்டு போனாலும் கேட்க ஆள் இல்லை.

மின் சைக்கிளின் பற்றரியை எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். 36 வோல்ட் பற்றரி முழுதாக ஏறினால் 42 வோல்ட். 48 வோல்ட் பற்றரி 54.6 வோல்ட். சார்ஜரின் அடியில் இந்த எண் அச்சடித்திருக்கும். இரண்டின் செருகியும் ஒரே மாதிரி இருப்பதால், அறையில் இருக்கிற மற்றவரின் 54.6 சார்ஜரை எடுத்து 36 வோல்ட் பற்றரியில் போட்டுவிடுவார்கள். அளவுக்கு மேல் மின் ஏறிச் செல்கள் சூடாகி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீப் பிடிக்கும். நல்ல பற்றரியில் இதைத் தடுக்கிற பாதுகாப்புப் பலகை இருக்கும். பழைய செல்களைப் பொறுக்கி ஒட்டிய மலிவுப் பற்றரியில் அது இல்லாமலும் இருக்கலாம், பழுதாகியும் இருக்கலாம். விழுந்து அடிபட்ட பற்றரியும், தண்ணீர் புகுந்த பற்றரியும் பல மணி நேரம் கழித்தும் பற்றலாம். கதவுக்குப் பக்கத்திலோ நடைவழியிலோ வைத்து சார்ஜ் போடவே கூடாது. தீப் பிடித்தால் வெளியே ஓடுகிற வழியே அடைபட்டுவிடும். படுக்கும்போது கழற்றிவிடுங்கள். பற்றரி வீங்கினாலோ மணம் வந்தாலோ சீறும் சத்தம் கேட்டாலோ சாமான் எதையும் எடுக்க நிற்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி 999க்கு அடியுங்கள்.

விசா உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "தம்பி பாவம், சும்மா கிடக்கிற எக்கவுண்ட்தானே" என்று கொடுக்கிறீர்கள். 2024 சனவரி தொடக்கம் ஒவ்வொரு எக்கவுண்டுக்கும் போன காசை இந்த நிறுவனங்கள் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கின்றன. தம்பி உழைத்தது உங்கள் வருமானமாகப் பதிவாகும். வரி உங்களிடம்தான் கேட்பார்கள். நீங்கள் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப் பணம் எடுப்பவராக இருந்தால் அது மறைத்த வருமானம் ஆகிவிடும். எடுத்த காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும், மோசடி விசாரணையும் வரலாம். புதிதாக அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் ஈ-விசாவின் செயார் கோடையும் (வேலை உரிமையை மற்றவருக்குக் காட்டுகிற குறியீடு) பாங்க் விபரத்தையும் வேறொருவர் கையில் கொடுத்து "எக்கவுண்ட் திறந்து தா" என்று கேட்பதும் கூடாது. உங்கள் பெயரில் திறந்த எக்கவுண்டில் யார் ஓடுகிறார் என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

ஏற்கெனவே அகப்பட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஓடுவதை நிறுத்துவது. போன காசைப் பிடிக்க இன்னும் ஒரு வாரம் ஓடினால் இன்னும் ஒரு வாரக் காசுதான் போகும். அடுத்து, வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். விளம்பரம், காசு கேட்ட செய்தி, கொடுத்த திகதியும் தொகையும், எக்கவுண்டில் இருந்த பெயர், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். பிறகு உங்கள் சொலிசிட்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் அவரிடம் கதைப்பது இரகசியம். ஹோம் ஒபிஸுக்குப் போகாது. சொலிசிட்டர் அல்லாத ஆலோசகர் என்றால், குடிவரவு ஆலோசகர்களைக் கண்காணிக்கிற இமிகிரேசன் அட்வைஸ் ஒதோரிட்டியில் பதிவு உள்ளவரா என்று பாருங்கள்.

"கேட்டால் ஹோம் ஒபிஸுக்குச் சொல்லி உன் கேஸை முடிப்பேன்" என்று மிரட்டுவார்கள். சட்டவிரோத வேலையால் வரும் தண்டனை வேறு. ஊரில் உங்களுக்கு என்ன ஆபத்து என்பதை வைத்துத் தீர்மானிக்கிற அசைலம் கேஸ் வேறு. எக்கவுண்ட்காரர் சொல்லி அதை முடிக்க முடியாது. பாஸ்போர்ட்டையோ ஏஆர்சி கார்டையோ பிடித்து வைத்திருக்கிறார்கள், கடன் தீரும்வரை ஓடு என்று கட்டாயப்படுத்துகிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் விஷயம் வாடகை ஏமாற்றைத் தாண்டி நவீன அடிமைத்தனம் ஆகிறது. அதற்கான இலவச உதவி நம்பர் 08000 121 700. பெயர் சொல்லாமலும் கதைக்கலாம். அசைலம் இருப்பிடம், உதவிப் பணம் பற்றிய சிக்கல் என்றால் மைக்ரன்ட் ஹெல்ப் என்ற தொண்டு நிறுவனம், 0808 8010 503, இதுவும் இலவசம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

ஓடும்போது விழுந்து காயப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து அறையில் கிடக்கிறார்கள். அசைலம் கேஸ் நடக்கிறவருக்கு என்எச்எஸ் (அரசாங்க) வைத்தியம் இலவசம். தலையில் அடிபட்டு வாந்தி வந்தாலோ, நினைவு தடுமாறினாலோ, கை கால் வீங்கி அசைக்க முடியாவிட்டாலோ உடனே ஏ அண்ட் ஈ (அவசர சிகிச்சைப் பிரிவு) போங்கள். எப்படி விழுந்தது, எந்த இடத்தில் அடிபட்டது, எத்தனை மணிக்கு என்பதைத்தான் டொக்டர் தெரிந்துகொள்ள வேண்டும். அதை மறைக்காமல் சொல்லுங்கள்.