நுரையீரல் அமிலாய்டு: ஒரு சி.டி. பயிற்சித் தொகுப்பின் மதிப்புரை

நுரையீரலில் அமிலாய்டு, அதாவது தவறாக மடிந்த புரதம், படிவது சி.டி. ஸ்கேனில் எப்படித் தெரியும் என்பதை மட்டுமே எடுத்துக்கொண்டு, கதிரியக்கத் துறை மருத்துவர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட கட்டண இணையப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். இவ்வளவு அரிதான நோய்க்குத் தனிப் பயிற்சி எதற்கு என்ற தயக்கம், மூச்சுக்குழாய் பற்றிய பகுதியிலேயே தீர்ந்துவிட்டது.

அப்பகுதியில் விடையை முன்கூட்டியே சொல்லாமல், முழு ஸ்கேனையும் நம்மையே மேலும் கீழும் உருட்டிப் பார்க்க வைக்கிறார்கள். குழாய்ச் சுவர் தடித்து, அதில் கால்சியம் வெண்புள்ளிகளாகத் தெரிந்த ஒரு நோயாளிக்கு நான் குருத்தெலும்பு நோய் என்று எழுதினேன். உடனே திரையில் வந்த கேள்வி ஒன்றுதான்: பின்சுவரைப் பார்த்தீர்களா? ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ் போன்ற குருத்தெலும்பு அழற்சி நோய்கள் குருத்தெலும்பு இல்லாத அந்தச் சவ்வுச் சுவரைப் பொதுவாக விட்டுவிடும். அமிலாய்டோ அதையும் சேர்த்தே சுற்றிவளைக்கக்கூடும். திரும்ப உருட்டினேன், பின்சுவரும் தடித்துத்தான் இருந்தது.

அமிலாய்டு சிறுகட்டிகளாகப் படியும் வகைக்கு வந்ததும் தரம் இறங்குகிறது. இவை பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில், உறைக்கு அருகே இருக்கும், சிலவற்றில் கால்சியம் படியும், திசுக்களின் சர்க்கரைப் பயன்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேனில் ஒளிர்ந்து புற்றுநோயோ என்று ஐயுறவும் வைக்கும், எனவே திசுவை எடுத்துக் காங்கோ சிவப்புச் சாயமேற்றிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும் என்பதையெல்லாம் சரியாகவே சொல்கிறார்கள். கட்டிகளோடு மெல்லிய சுவருள்ள நீர்க்கட்டி போன்ற வெற்றிடங்களும் இருந்தால் ஷோக்ரன் நோயை (கண்ணையும் வாயையும் உலரவைக்கும் தன்னெதிர்ப்பு நோய்) நினைக்கச் சொல்வதும் நல்ல குறிப்பு. ஆனால் படங்கள் அசையாப் படங்கள்; விண்டோவை, அதாவது படத்தின் ஒளி-மாறுபாட்டு அமைப்பை, மாற்ற வழியில்லை. ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும் கட்டி என்று சொல்லிவிட்டு, ஒப்பிட ஒரு பழைய ஸ்கேனைக்கூட வைக்காதது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

நுரையீரல் முழுவதும் பரவும் வகையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள். இது பெரும்பாலும் உடல் முழுவதையும் பாதிக்கும் அமிலாய்டின் பகுதியாக வருவது. நுரையீரலின் சிறுமடல்களுக்கு இடையிலுள்ள தடுப்புகள் தடித்துத் தெரிவதால் இதய செயலிழப்பில் நுரையீரலில் நீர் கோப்பதைப் போலவே தோன்றும். அதே நோயாளிக்கு இதயத்திலும் அமிலாய்டு படிந்திருந்தால் இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. உண்மையில் அதிக நேரம் தேவைப்பட்டது இங்கேதான்.

சேர விரும்புவோர் பெரிய திரையில் பார்க்கவும். கைபேசியில் அந்த வெண்புள்ளிகள் எனக்குத் தெரியவே இல்லை.